அறுபதைக் கடந்த தம்பதியர் டர்பனுக்கு ஊழியத்துக்கு வந்தால் அவர்களுடைய நாள் எப்படிப் போகும்?

கோயம்புத்தூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அப்பாவுக்கு 66 வயது, வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். அம்மாவுக்கு 62, பள்ளி ஆசிரியையாக இருந்தவர். இருவரும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தவர்கள். 18 மாத ஊழியத்துக்குத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு அழைப்பு வந்திருக்கிறது. நாள் முழுவதும் அங்கே என்ன செய்வார்கள், வெயிலில் வீடு வீடாகப் போகச் சொல்வார்களா என்பது நீங்கள் எழுதியிருக்கும் கேள்வி. ஆனால் "இந்த வயதில் இது தேவையா என்று அண்ணன் சண்டை போடுகிறார்" என்ற கடைசி வரியில்தான் உங்கள் பயம் இருக்கிறது. பெற்றோர் அலைக்கழிக்கப்படுவார்களோ, ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்களோ என்று நினைக்கிறீர்கள். இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. தமிழ்நாட்டில் செவிலியர் படிப்பு முடித்துத் திருமணமாகி டர்பனுக்கு வந்தவள். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் முதியோரை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்தேன். நான் மெதடிஸ்ட், உங்கள் பெற்றோரின் சபையைச் சேர்ந்தவள் அல்ல. ஆனால் நான் பார்க்கப் போகும் வீடுகளுக்கே வெவ்வேறு சபைகளின் மூத்த தம்பதியரும் வருவார்கள். ஒரே நோயாளியின் கட்டிலருகே நாங்கள் சந்தித்துக்கொள்வோம். சிலருக்கு வாடகை வீடு தேடிக் கொடுத்திருக்கிறேன், சிலரை மருத்துவரிடம் அழைத்துப் போயிருக்கிறேன். எனவே அந்தச் சபையின் போதனை பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. அந்தத் தம்பதியர் எப்படி வாழ்கிறார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன், அதைச் சொல்லலாம்.

உறுதியாகச் சொல்லக்கூடியவை இவை. வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டையும் அணிந்து இருவர் இருவராக நடக்கும் இளைஞர்களுக்கான கால அட்டவணை மூத்த தம்பதியருக்குக் கிடையாது. காலையிலிருந்து இரவு வரை கதவைத் தட்டிப் பிரசங்கிக்கும் கட்டாயம் அவர்களுக்கு இல்லை. பிள்ளைகளோடு எப்போது வேண்டுமானாலும் பேசலாம். ஊழியக் காலம் 6, 12, 18 அல்லது 23 மாதங்கள் என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. சம்பளம் கிடையாது, செலவைப் பெரும்பாலும் அவர்களே ஏற்க வேண்டும். இதை அண்ணனிடம் மறைக்காதீர்கள். வாடகை, கார், பெட்ரோல், மருந்து, சாப்பாடு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஓய்வூதியத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை அவரிடமே கொடுங்கள். வங்கியில் இருந்த உங்கள் அப்பா எப்படியும் அதை ஏற்கெனவே செய்து வைத்திருப்பார்.

நாள் எப்படிப் போகும் என்பது எந்தப் பணிக்கு அனுப்புகிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஊழிய அலுவலகத்தில் என்றால் காலையில் போய் மாலையில் திரும்பும் உத்தியோகம் மாதிரிதான்: கணக்கு, வாடகை ஒப்பந்தங்கள், கார்களின் பராமரிப்பு, இளைஞர்களின் விசா காகிதங்கள். உங்கள் அப்பாவின் அனுபவத்துக்கு இது கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆலயப் பணி என்றால் முறை வைத்து வேலை. நகரின் வடக்கே உம்ஹ்லாங்காவை ஒட்டிய அந்த ஆலயம் 2020 பிப்ரவரியில் அர்ப்பணிக்கப்பட்டது. அதற்கு முன் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டபோது நானும் போய்ப் பார்த்தேன். அங்கே நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கும். அம்மாவுக்கு மூட்டுவலி இருந்தால் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. மூன்றாவது வகை, சபைக் குடும்பங்களுக்குத் துணையாக இருப்பது. நான் அதிகம் பார்த்தது இதைத்தான்.

இந்த மூன்றாவது வகைத் தம்பதியரின் காலை நிதானமாகத் தொடங்குகிறது. வேதவாசிப்பு, ஜெபம், சிறிது நடை, சமையல். ஒன்பது, பத்து மணிக்குக் காரில் கிளம்புகிறார்கள். முதலில் இளம் ஊழியர்கள் தங்கியிருக்கும் வீடு ஒன்றுக்குப் போவார்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்கள், பலருக்கு வீட்டைவிட்டுத் தனியாக இருப்பது அதுவே முதல் முறை. அடுப்பு சுத்தமாக இருக்கிறதா, எரிவாயு கசிகிறதா, யாருக்காவது காய்ச்சலா என்று பார்க்கும் பொறுப்பு மூத்த தம்பதியருடையது. ஒரு முறை ஓர் அம்மையார் அப்படிப் போன இடத்திலிருந்து என்னை அழைத்தார். பையன் ஒருவன் காலில் இருந்த புண்ணை வாரக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தான். ஊழியத் தலைவரிடம் சொல்லத் தயங்கியவன், சாம்பார் கொண்டுவந்த அந்த அம்மாவிடம் காலைக் காட்டிவிட்டான். ஆசிரியையாக இருந்த உங்கள் அம்மாவுக்கு இந்த வேலையை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

பிற்பகலில் வீட்டுச் சந்திப்புகள். இங்கேதான் டர்பனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஏறத்தாழ ஒரு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரம் பேர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் அமைந்திருக்கும் நடால் பகுதிக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள், தமிழர்களும் தெலுங்கர்களும். முதல் கப்பலிலேயே கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். எங்கள் மெதடிஸ்ட் சபையின் சார்பில், இலங்கையில் ஊழியம் செய்து தமிழ் கற்ற ரால்ஃப் ஸ்டாட் என்ற போதகர் 1862-இல் இந்தத் தொழிலாளர்களிடையே வேலை தொடங்கினார். பின்னாளில் எந்த இனத்தவர் எங்கே வசிக்கலாம் என்று பிரித்த 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தைக் காட்டி நகருக்குள்ளிருந்த இந்தியக் குடும்பங்களை வெளியேற்றினார்கள். அப்படி வெளியேற்றப்பட்டவர்களுக்காக 1960-களில் எழுந்தது சாட்ஸ்வர்த், 1976-இல் ஃபீனிக்ஸ். உங்கள் பெற்றோர் படியேறப் போகும் வீடுகளில் இருக்கும் முதியோர் பலர், சிறுவயதில் வீட்டுச் சாமான்களோடு லாரியில் ஏற்றி அங்கே கொண்டுவந்து இறக்கப்பட்டவர்கள். இதைத் தெரிந்துகொண்டு வருகிற விருந்தினருக்கு இங்கே தனி மரியாதை உண்டு.

மொழியைப் பற்றி அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். இன்று இந்த வீடுகளின் பேச்சுமொழி ஆங்கிலம். எண்பதைக் கடந்த சிலர் மட்டும் தமிழ் பேசுவார்கள். இன்னும் பலருக்குப் பாட்டும் ஜெபமும் மட்டும் தமிழில் மிச்சம் இருக்கின்றன. நினைவு மங்கிப்போய், மகளைக்கூட அடையாளம் தெரியாத ஓர் ஆயாவைப் பல மாதங்கள் நான் கவனித்தேன். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு தம்பதி அவர் பக்கத்தில் உட்கார்ந்து "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று ஆரம்பித்ததும், அடுத்த வரியை அவர் சொன்னார். அவருடைய நோய் ஒன்றும் குணமாகிவிடவில்லை. ஆனால் அன்று மாலை அவர் சிரமமில்லாமல் சாப்பிட்டார் என்று மகள் என்னிடம் சொன்னாள். ஒரு செவிலியாக அதை நான் சிறிய விஷயமாக எண்ணவில்லை.

தேநீர் விஷயத்தில் ஒரு சங்கடம் வரும். இங்குள்ள இந்திய வீடுகளில் உட்கார்ந்த உடனே பால் ஊற்றிய தேநீர் வந்துவிடும். மறுத்தால் மனம் வாடும். உங்கள் பெற்றோரின் சபையில் தேநீரும் காப்பியும் குடிப்பதில்லை. நான் பார்த்த தம்பதியர், வாசலிலேயே "ரூய்போஸ் இருந்தால் கொடுங்கள்" என்று கேட்டுவிடுவார்கள். ரூய்போஸ் தென்னாப்பிரிக்காவின் மலைச் செடி. தேயிலையோடு அதற்குச் சம்பந்தம் கிடையாது, இங்கே எல்லா வீட்டிலும் இருக்கும். கேட்டு வாங்கிக் குடிப்பவரை வீட்டுக்காரர்களுக்குப் பிடித்துப் போகிறது.

உங்கள் பெற்றோருக்கு மட்டுமே முடியக்கூடிய ஒரு வேலையும் இங்கே இருக்கிறது. அவர்கள் சபை குடும்ப வரலாறு தேடுவதில் மிகுந்த அக்கறை காட்டுவது. ஒப்பந்தக் கூலிகளாக வந்த ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், கிராமம், உடல் அடையாளம் வரை கப்பல் பட்டியல்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. பேரப்பிள்ளைகள் அவற்றைத் தேடி எடுக்கிறார்கள். எடுத்த பிறகு நின்றுவிடுகிறார்கள், ஏனென்றால் வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப் பெயர் அவர்களுக்குப் புரிவதில்லை. சாட்ஸ்வர்த்தில் ஒரு வீட்டில், கொள்ளுத்தாத்தாவின் பெயருக்கு நேரே "வாண்டிவாஷ்" என்று இருந்ததை அந்தக் குடும்பம் ஏதோ துறைமுகம் என்று எண்ணியிருந்தது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் அந்த நகலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது எங்கள் வந்தவாசி" என்றார். பக்கத்து வரியில் இருந்த "ஆர்னி" ஆரணி. தன் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து, செய்யாறு எங்கே, காஞ்சிபுரம் எவ்வளவு தூரம் என்று அவர் காட்டிக்கொண்டிருக்க, வீட்டிலிருந்த அத்தனை பேரும் அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். பழைய வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து வந்தவர்களே இங்கே மிக அதிகம். ஊர்ப் பெயரை ஒலியை வைத்துப் பிடிக்கத் தெரிந்த ஒருவர் செய்யும் உதவியை இங்கே பிறந்து வளர்ந்த யாராலும் செய்ய முடியாது.

இனி, எனக்குச் சந்தேகம் உள்ள இடங்கள். இந்தச் சந்திப்புகளால் சபை வளருகிறதா என்று கேட்டால், என்னால் அளக்க முடியாத விஷயம் அது. ஆனால் ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்கிறேன். டர்பன் தமிழர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். காவடியும் தீமிதியும் இங்கே இன்றும் உயிரோடு இருக்கின்றன. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கோயில்கள் இருக்கின்றன. மதமாற்றத்தால் ஒரே குடும்பத்துக்குள் பேச்சு வார்த்தை நின்றுபோனதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து வந்த கிறிஸ்தவத் தம்பதி என்றால் சிலர் முகத்துக்கு நேரே கடுமையாகக் கேட்பார்கள். அந்தக் கோபத்துக்குக் காரணம் உண்டு என்று புரிந்துகொண்டு, கேட்காத வீட்டில் பிரசங்கிக்காமல் இருப்பவர்களுக்கு இங்கே சிக்கல் வந்து நான் பார்த்ததில்லை. 2021 ஜூலையில் நடந்த கலவரத்துக்குப் பிறகு ஃபீனிக்ஸில் இந்தியர்களுக்கும் ஆப்பிரிக்கர்களுக்கும் இடையே ஏற்பட்ட காயமும் முழுதாக ஆறவில்லை. யார் எந்தப் பக்கம் என்று பேச்சு வந்தால் கேட்டுக்கொள்வதோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். அவர்களுடைய சபைக் கூட்டத்திலேயே இருதரப்பினரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருப்பார்கள்.

பாதுகாப்பு பற்றி உங்களைப் பயமுறுத்தவும் மாட்டேன், மழுப்பவும் மாட்டேன். இங்கே குற்றங்கள் அதிகம். இருட்டிய பின் நடந்து போகக் கூடாது. காரில் கதவைப் பூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். கைப்பேசியைத் தெருவில் கையில் வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. எந்த வீட்டுக்கும் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போய், கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட வேண்டும், நாய் இருக்கும். மாதத்தின் முதல் வாரத்தில் சந்திப்புகளைக் குறைத்துக்கொள்ளலாம். அறுபது வயதானவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகை அப்போதுதான் வரும். முதியோர் எல்லாரும் வரிசையிலும் கடையிலும் இருப்பார்கள். கார் ஓட்டுவது இடப்பக்கம்தான், அதனால் அப்பாவுக்குச் சிரமம் இருக்காது. தண்ணீர் அவ்வப்போது நின்றுபோகும். இரண்டு வாளி நிரப்பி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். டர்பன் நகரில் மலேரியா இல்லை. கோடை புழுக்கமானது, சென்னையில் இருந்து பழகியவர்களுக்குப் புதிதல்ல. ஜூன், ஜூலைக் காலைகளுக்கு ஸ்வெட்டர் வேண்டும்.

அப்பாவின் சர்க்கரைக்கு வருகிறேன், எனக்கு அதிகக் கவலை இதில்தான். அவர்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு உபவாச நாள்; இரண்டு வேளை சாப்பிடுவதில்லை. அப்பா மெட்பார்மின் மட்டும் சாப்பிடுகிறார் என்றால் சர்க்கரை ஆபத்தாக இறங்கும் வாய்ப்பு மிகக் குறைவு. கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சேர்ந்திருந்தால், அதை விழுங்கிவிட்டு வெறும் வயிற்றோடு இருப்பது அபாயம். வியர்வை, கைநடுக்கம், பேச்சில் தடுமாற்றம் வந்தால் பலர் வெயில் என்றோ களைப்பு என்றோ நினைத்துப் படுத்துவிடுகிறார்கள். காரில் எப்போதும் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். அறிகுறி தெரிந்தவுடன் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். உடல்நிலை இடம் கொடுக்காதவர்கள் உபவாசம் இருக்க வேண்டியதில்லை என்பது அவர்கள் சபையே சொல்வதுதான். ஆனால் ஊழியத்துக்கு வந்த இடத்தில் நாம் மட்டும் சாப்பிடுவதா என்று அப்பாக்கள் பிடிவாதம் பிடிப்பார்கள். அம்மாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள். இன்னொன்று, சாட்ஸ்வர்த் முழுக்க மேடும் படிக்கட்டும். புதுச் செருப்பு கடித்த புண்ணை உணராமல் நடந்து விரலை இழந்தவர்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். நன்றாகப் பழகிய மூடிய காலணி கொண்டு வரட்டும். இரவில் படுக்கும் முன் அவருடைய உள்ளங்காலை அம்மா ஒரு தடவை பார்க்கட்டும். அவருடைய இதயமும் சிறுநீரகமும் எந்த நிலையில் இருக்கின்றன என்பது பரிசோதனை செய்யும் மருத்துவருக்குத்தான் தெரியும். விசாவுக்கு மருத்துவ அறிக்கை எப்படியும் கேட்பார்கள். கூடவே ஈசிஜி, சிறுநீரகப் பரிசோதனை, கண் விழித்திரைப் பரிசோதனை மூன்றையும் முடித்துவிடுங்கள். தனியார் மருத்துவமனைச் செலவு இங்கே மிக அதிகம். காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்க்கு இடம் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

யாரும் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். நான் பார்த்தவர்களில் பாதியில் திரும்பிப்போக நினைத்தவர்களுக்கு வேலைப்பளு ஒரு காரணமாக இருந்ததே இல்லை. முப்பது, நாற்பது வருடம் ஆளுக்கொரு வேலைக்குப் போய், மாலையில் மட்டும் சந்தித்துப் பழகிய இருவர், திடீரென்று இரண்டு அறை வீட்டில் காலை முதல் இரவு வரை ஒன்றாக இருக்கிறார்கள். அக்கம்பக்கத்தில் அம்மாவுக்குப் பேச ஆள் இல்லை. அப்பாவுக்கு அலுவலகமாவது இருக்கிறது. சமையலும் துணியும் அம்மாவின் தலையில் அப்படியே இருக்க, அதற்குமேல் ஊழியமும் சேர்ந்தால் மூன்றாவது மாதத்தில் அழுகை வரும். புறப்படுவதற்கு முன் அப்பா சோறும் ஒரு குழம்பும் வைக்கக் கற்றுக்கொள்ளட்டும். வாரத்தில் ஒரு நாள் சமையல் அவருடையது என்று பேசி வைத்துக்கொள்ளட்டும். அம்மாவுக்குத் தனியாக ஒரு பொறுப்பு தரச் சொல்லிக் கேளுங்கள்: வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்குப் பாடம், இளைஞர் வீடுகளைப் பார்ப்பது, எதுவானாலும் சரி. இப்படித் தனித்தனி வேலையும் பொதுவான வேலையும் இருந்த தம்பதியர் காலம் முடிந்தும் நீட்டிக் கேட்டதைப் பார்த்திருக்கிறேன். எல்லாருக்கும் அப்படி அமையும் என்று உறுதி தர முடியாது. உங்கள் பெற்றோர் ஒருவரோடொருவர் எப்படி என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

தேவையா என்ற அண்ணனின் கேள்விக்கு என் கருத்து: உடல் இடம் கொடுத்தால், ஆம். இந்த ஊரில் பிள்ளைகள் ஜோகன்னஸ்பர்க்குக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போய்விட்ட வீடுகள் ஏராளம். அங்கே ஒரு மணி நேரம் அவசரமில்லாமல் உட்கார ஆள் கிடையாது. எனக்கு ஒரு வீட்டுக்குப் பதினைந்து நிமிடம்தான் ஒதுக்க முடியும். போதகருக்கு அதுவும் இல்லை. நேரம் கையில் உள்ளவர்கள் ஓய்வுபெற்றவர்கள் மட்டுமே.

சபையிடம் எழுத்தில் பதில் வாங்க வேண்டியவை: எந்தப் பணி, வீடு எந்தப் பகுதியில், எத்தனை படி, இரவில் உடல் சரியில்லை என்றால் முதலில் யாரை அழைப்பது, அவசரத்துக்குத் திரும்பி வர என்ன நடைமுறை. காவல்துறைக்கு 10111, ஆம்புலன்சுக்கு 10177, கைப்பேசியிலிருந்து 112 என்ற எண்களை இருவர் கைப்பேசியிலும் பதிந்து கொடுங்கள். டர்பன் நேரம் இந்தியாவைவிட மூன்றரை மணி பின்னே. அவர்கள் இரவு ஏழு மணிக்கு வீடு திரும்பும்போது உங்களுக்குப் பத்தரை ஆகிவிடும். அதனால் அவர்களுடைய காலை ஏழு மணியைப் பேசும் நேரமாக வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு அது பத்தரை. மருத்துவரிடம் போகும்போது அப்பாவோடு அண்ணனையே அனுப்புங்கள். மருந்துகளின் மூலப்பெயர் எழுதிய சீட்டு, உபவாசம் பற்றிய அறிவுரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்ன பரிசோதனை என்ற மூன்றையும் அவரே கேட்டு வாங்கி வரட்டும்.